சுவரில் இரண்டு பட்டை

படுக்கையறைச் சுவரில் பெயின்டர் இரண்டு பட்டை அடித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார். ஒன்று இளமஞ்சள், இன்னொன்று கருநீலம்.

"என்னங்க, நீலமே அடிச்சிடலாம்."

"வேணாம். மஞ்சள்னா ரூம் பளிச்னு இருக்கும்."

"பளிச்னு இருந்தா எனக்குத் தூக்கம் வராதுங்க."

"நீலம் அடிச்சா குகை மாதிரி ஆயிடும்."

"ஆகட்டுமே. குகையிலயாவது நிம்மதியாத் தூங்கறேன்."

"உன் பிடிவாதம் இருக்கே..."

"உங்களுக்கு மட்டும் கொறைச்சலா?"

"சரி, சாப்டியா?"

"சாப்டேன். நீங்க இளைச்சிட்டீங்களா? கொடியில இருக்கிற பேன்ட்ல பெல்ட் ரெண்டு ஓட்டை உள்ள போயிருக்கு."

பத்தாம் நாள் காலை பெயின்டர் டப்பாக்களோடு வந்தார். நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த நர்ஸ், கண் எரியக் கதவைத் திறந்தாள். கணவன் அரைமணி முன்பே ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டிருந்தான். இரவு அவன் திரும்புவதற்குள் அவள் டியூட்டிக்குப் போய்விடுவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மூன்று வாரம் ஆகிறது.

"எந்தக் கலர்னு முடிவாச்சாம்மா?"

இரண்டு பட்டைக்கும் நடுவே, அவன் கையெழுத்தும் அவள் கையெழுத்துமாக, பென்சில் வரிகள் தரைவரை இறங்கியிருந்தன. கடைசி வரி இன்று காலை அவன் எழுதியது: "நீலமே அடிக்கச் சொல்லு. நீ தூங்கினாப் போதும்."

அதை இரண்டு முறை படித்துவிட்டு அவள் பென்சிலை எடுத்தாள்.

"நாங்க இன்னும் பேசி முடிக்கலைண்ணா. அடுத்த வாரம் வாங்க."