பின்பக்கப் பிரச்சனை

"எல்லாரும் கொஞ்சம் எழுந்திருங்க!"

வந்தவர் கதவருகிலிருந்து சொன்னதும், மென்பொருள் குழுவின் எட்டுப் பேரும் பள்ளிப் பிள்ளைகள் போல எழுந்து நின்றார்கள்.

மேனேஜர் ஓடி வந்தார். "ஹெட் ஆபீஸ்ல இருந்து அனுப்பினவரா சார்? காலையிலிருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

"ஆமா சார். வழியில கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

காதில் செருகிய பென்சில், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. விஷயம் தெரிந்தவர்கள் இப்படித்தான் எளிமையாக இருப்பார்கள் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார்.

நோயாளிகள் வீட்டிலிருந்தே டோக்கன் எடுப்பதற்காக, ஒரு மருத்துவமனைக்கு அவர்கள் ஆப் செய்துகொண்டிருந்தார்கள். பதினாலு மாதமாகச் செய்துகொண்டே இருந்தார்கள். மேனேஜரிடம் முந்நூறு பக்கத் திட்டம் இருந்தது, ஆப்தான் இல்லை. 'இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறோம்' என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. 'பழைய பாணியை விட்டு, நின்றபடியே சுருக்கமாகப் பேசி, வேலையைச் சிறு சிறு துண்டாக முடிக்கும் அஜைல் முறைக்கு மாறுங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வருவார்' என்று தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருந்தது.

"எங்க இடிக்குது?" வந்தவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

எதைக் கேட்டாலும் ஒரே பதில் சொல்லி 'நாளைக்கு' என்றே பெயர் வாங்கியிருந்த புரோகிராமர், ஆப்பின் திரைக்குப் பின்னால் ஓடும் நிரலை நினைத்துத் தயங்கினான். "பின்பக்கம்தான் சார். முன்பக்கம் பாக்க நல்லாத்தான் இருக்கும்."

"பாரம் ஏறினா?"

"படுத்துடுது சார்," என்று முந்திக்கொண்டாள் சோதனைப் பிரிவுப் பெண்.

"எத்தனை நாளா?"

"பதினாலு மாசமா."

"ஏம்மா, இவ்ளோ நாளா அப்படியேவா விட்டு வெச்சிருந்தீங்க?"

எட்டுத் தலைகளும் குனிந்தன.

மேனேஜர் முந்நூறு பக்கத்தையும் நீட்டினார். வந்தவர் கையால்கூடத் தொடவில்லை.

"இவ்ளோ பேப்பர் எதுக்கு சார்? எல்லாத்தையும் ஒரேயடியா பிரிச்சுப் போட்டா எதுவும் முடியாது. ஒண்ணை எடுக்கணும், முடிக்கணும், தட்டிப் பாக்கணும். அப்புறம்தான் அடுத்ததைத் தொடணும்."

மேனேஜருக்குப் புல்லரித்தது. அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டினார்.

"எவ்வளவு நாள் ஆகும் சார்?"

"ரெண்டு வாரம். அதுவரைக்கும் எல்லாரும் நின்னுக்கிட்டே சமாளிங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தள்ளிக்கொண்டு போய் லிஃப்டில் கீழே இறக்கிவிட்டார்.

மறுநாளிலிருந்து குழுவே மாறிப்போனது. இரண்டு மணி நேரம் இழுக்கும் மீட்டிங் ஆறே நிமிடத்தில் முடிந்தது. வளவளவென்று பேச யாருக்கும் காலில் தெம்பில்லை. ஒரு வேலையை எடுத்தார்கள், முடித்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், 'நாளைக்கு' முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கே முடிச்சுத் தர்றேன், ஆளை விடுங்க!" என்று கெஞ்சினான். அது நடக்குமென்று கனவிலும் யாரும் நினைத்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் ஆப் ஓடியது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஏறியும் படுக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து போனில் பாராட்டியதும், மேனேஜர் கழிப்பறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

இரண்டு வாரம் முடிந்த அன்று, நாற்காலிகளோடு போனவர் சொன்னபடி அவற்றைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். எட்டுப் பேரும் கை தட்டினார்கள். மேனேஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குருவே! உங்க அஜைல்தான் எங்க பொழப்பைக் காப்பாத்துச்சு!"

"அது என்ன சார் அஜைல்? ஹெட் ஆபீஸ்ல என்னை நாற்காலிக்கு மெத்தை மாத்தத்தானே அனுப்பினாங்க," என்றவர் சற்று யோசித்தார். "ஓ, அதைச் சொல்லிக்குடுக்க அன்னிக்கு ஒருத்தர் கீழே லிஃப்ட் வரைக்கும் வந்தாரு சார். மேல உக்கார ஒரு நாற்காலிகூட இல்லன்னேன். 'நின்னுக்கிட்டே எப்படிய்யா வேலை பாக்குறது'ன்னு கோவிச்சுக்கிட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாரு!"