படகின் இரண்டாவது இருக்கை
கூடத்துத் தரையில் படகின் இரண்டாவது இருக்கை கவிழ்ந்து கிடக்கிறது. கணவர் எப்போதும் தனியாகவே மீன்பிடிக்கப் போகிறவர். தூண்டில் பெட்டி உட்கார்ந்து உட்கார்ந்தே கிழிந்த இருக்கை அது. அடியில் வைத்த புது ஃபோம் நன்றாக அமுங்கட்டும் என்று மனைவி பலகைமேல் ஏறிச் சம்மணமிட்டிருக்கிறாள். காலை வெயிலில் மினுங்கும் நீல ரெக்சினை அவர் இழுத்து மடித்து, பலகை ஓரமாக ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டே வருகிறார். டக், டக், டக். "ஆச்சு, எந்திரி." அவள் எழப் பார்க்கிறாள், முந்தானை வரவில்லை. ரெக்சினோடு சேர்த்து நாலு பின். "கண்ணாடியப் போட்டுக்கிட்டு அடிங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே!" "அசையாத, கிழிஞ்சிடும்." ஸ்க்ரூடிரைவரோடு குனிகிறார். அவள் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொள்கிறாள். "நாளைக்குப் படகுல அந்தத் தூண்டில் பெட்டிய எங்க வைப்பீங்களாம்?" அவர் முதல் பின்னை நெம்புகிறார். "உன் மடியிலதான்."