தம்பி பறித்த தழை

சாயந்தரம் வரைக்கும் ஆடு பிழைத்திருந்தால் தம்பி யோக்கியன். இல்லையென்றால், காமாட்சியம்மன் மேல் ஆணையாக அவன் முகத்திலேயே விழிப்பதில்லை. இப்படி முடிவு கட்டிக்கொண்டு, அடுக்களையில் இருந்த தழையில் ஒரு கை அள்ளிவந்து, அடுத்த வீட்டு எல்லம்மாளின் வெள்ளாட்டுக்குப் போட்டார் சபாபதி. அது ஆவலாகத் தின்று தீர்த்தது.

சந்தேகப்படாமல் என்ன செய்வார், பாவம்! பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. அவர் கண்ணை மூடினால் வீடும் மூன்று தறியும் தம்பி கலியாணசுந்தரத்துக்குத்தான்.

பாகம் கேட்டுச் சண்டை போட்டு ஒரு வருஷமாகப் பேசாதவன், அண்ணனுக்கு இருமல் என்றதும் ஓடிவந்தான். தினம் விடிகாலையில் சைக்கிளில் செவிலிமேட்டுக்குப் போய், வைத்தியர் சொன்ன ஆடாதோடையைப் பறித்துவந்து, தன் கையாலேயே கஷாயம் வைக்கிறான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று யாருக்குத்தான் தோன்றாது?

பத்து நாளாயிற்று, இருமல் நின்றபாடில்லை. போதாததற்குத் தலை கிறுகிறுக்கிறது, தறியில் உட்கார்ந்தால் மிதிகட்டையை அழுத்தக் கால் வரவில்லை.

செடி தெரியாமல் பறித்திருப்பானோ என்றால், அதற்கும் வழியில்லை. போன தை மாதம் அவன் மகளுக்கு வந்த கக்குவானை அந்தத் தழையை வைத்துத்தான் போக்கினான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் எட்டிப் பார்த்தார். ஆடு துள்ளிக்கொண்டிருந்தது. சபாபதிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சே, கூடப்பிறந்தவனைப் போய்!

"இன்னாண்ணா, காலைல வச்சது அப்படியே இருக்குது?" என்று டம்ளரோடு வந்து நின்றான் தம்பி.

"குடுடா கண்ணு." ஒரே மடக்கில் குடித்தார்.

தம்பி வெளியே போன சற்று நேரத்தில் வைத்தியர் திருஞானசம்பந்தம் வந்தார். நாடி பிடித்தவரின் முகம் மாறியது.

"நான் ஒரு பாவி சாமி," என்று சிரித்தார் சபாபதி. "தம்பி மேல சந்தேகப்பட்டு, அவன் கொண்டாந்த தழையை ஆட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு இலை விடாம தின்னுட்டு, ஜம்முனு குதிச்சிக்கினு இருக்குது!"

"இன்னாது, ஆடு தின்னுச்சா?"

"ஆமா சாமி."

வைத்தியர் அவர் கையை விடவில்லை.

"முதலியாரே, ஆடு தொடாதுன்னுதானேய்யா அதுக்கு ஆடாதோடைன்னு பேரு!"