எட்டாம் எண் பலகை

புல்வெளி மாவட்டத்தைத் தாங்களே காரில் சுற்றிப் பார்ப்பவர்களுக்கான கையேட்டில் ஏழாவது இடம் எட்னாவின் பழைய வீடு. ‘ஆள் குடியிருக்கிறார், இறங்க வேண்டாம்’ என்ற வரி, கணவன் இறந்த வாரத்தில் அவளே சொல்லிப் போடவைத்தது. மூன்று கோடையாகக் கார்கள் வாசலில் தயங்கிப் படமெடுத்துப் போய்விட்டன.

எட்டாவது, பாழடைந்த தானியக் கிடங்கு. அதை உள்ளே போய்ப் பார்க்கலாம். இன்று காலை எட்னா அதன் முன்னால் நட்டிருந்த எட்டாம் எண் பலகையைப் பிடுங்கிவந்து தன் வாசலில் நட்டாள்.

மதியம் ஒரு தம்பதி இறங்கினார்கள்.

“இதுவா கிடங்கு? ஜன்னல்ல திரையெல்லாம் தொங்குது,” என்றாள் மனைவி.

“புத்தகத்துல போட்டிருக்கே,” என்றான் கணவன்.

எட்னா கதவைத் திறந்தாள். மேசைமேல் மூன்று கோப்பைகள் இருந்தன.

“கிடங்கேதாங்க,” என்றாள். “உள்ள வந்து உக்காந்துதான் பாக்கணும்.”