ஸ்டுடிபேக்கர் சின்னம்

டென்மார்க்கின் விபோர்க், 1986. லோரன்ஸ் வீட்டு மேசையில் இருந்த ஸ்டுடிபேக்கர் காரின் முன்மூடியில், பொனற்றில், பூட்டும் சின்னத்தை ஹென்னிங் ஆசையோடு தடவினார். அந்தக் கொம்பனியை மூடி இருபது வருடம். ஹென்னிங்கின் பழைய ஸ்டுடிபேக்கரில் இது ஒன்றுதான் குறை.

"என்ன விலை எண்டு கேக்கிறார், அப்பா," என்று டேனிஷைத் தமிழாக்கினாள் மகள் பற்றிமா.

"விக்கிறதில்லை. சும்மா கொண்டு போகட்டும்."

"சும்மா வாங்கமாட்டாராம்."

"வாங்காமல் போக விடமாட்டன் எண்டு சொல்லு."

மனைவி கத்தரீனா எட்டிப் பார்த்தாள். "என்னப்பா இது? உங்கட அப்புவின்ர கார் எரிஞ்சதில மிஞ்சினது இது ஒண்டுதான். யாழ்ப்பாணத்திலயிருந்து சீலைக்குள்ள சுத்திக் கொண்டந்தது. போன மாதம் கேட்டவனைத் துரத்தினியள்."

"அவன் ஆர், இவர் ஆர்?" லோரன்ஸ் நிமிர்ந்தார். "மூண்டு தரம் கேட்டிட்டன். சீதனம் ஒண்டும் வேண்டாம் எண்டு சிரிக்கிறார். எங்கட குடும்பத்தில ஒரு பொம்பிளையும் வெறுங்கையோட போனதில்லை. மாப்பிள்ளையின்ர தகப்பன் இதையாவது வாங்கத்தான் வேணும்."

பற்றிமா ஹென்னிங்கிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் எழுந்து, சின்னத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"சீதனம் எண்டு சொன்னனியோ?"

"இல்லையப்பா. கலியாணத்தண்டைக்கு நான் போற இவரின்ர காரில இது பூட்டியிருக்க வேணும் எண்டு சொன்னன்."