தீக்குச்சியின் தலை

தன் மொட்டை டயர்களை நினைத்து நடுங்கியபடியே டெஹ்ரானுக்குப் போகும் ஹராஸ் மலைப்பாதையில் பாதி தூரம் ஏறிய பிறகுதான், பையை மறந்துவிட்டு வந்தது கியூமர்ஸுக்கு உறைத்தது.

தேநீர்க் கடை வாசலில் வண்டியை நிறுத்தி டிக்கியைக் குடைந்தான். மாமியார் கொடுத்த ஊறுகாய் ஜாடி இருந்தது, ஆரஞ்சுப் பெட்டி இருந்தது. டயரில் மாட்டும் பனிச்சங்கிலிகூட யாரோ வைத்தது ஒரு ஜோடி இருந்தது; மாட்டத்தான் அவனுக்குத் தெரியாது. ஏழு மாத கர்ப்பிணியான மனைவி மஹ்னூஷின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் வைத்த பச்சைப் பை மட்டும் இல்லை. நாளைக் காலை டெஹ்ரான் டாக்டர் முன்னால் அது இல்லாமல் போய் உட்கார முடியாது.

பை எங்கே என்று அவனுக்குத் தெரியும். ஆமோலில், மாமனார் வீட்டு வாசலில், செருப்பு அலமாரி மேல். "குளிருது, நீங்க உள்ள போங்க", "நீங்க முதல்ல கிளம்புங்க" என்று இரண்டு தரப்பும் அரை மணி நேரம் மரியாதைச் சண்டை போட்டதில், கட்டிப்பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே என்று அவனேதான் இறக்கி வைத்தான்.

டயர் விஷயமும் அதே மரியாதையில்தான் போயிற்று. நேற்று சாயங்காலம் மாமனார் ஹெஷ்மத் ஒரு தீக்குச்சியை அவன் டயரின் பள்ளத்தில் விட்டுப் பார்த்தார். மருந்துத்தலைகூட மூழ்கவில்லை.

"மாத்தணுமா, ஆகா ஜான்?" என்று கேட்டான் கியூமர்ஸ். மாமனாரை அவன் மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

"உங்க கை பட்ட டயர், மாப்ளே. அது தேயுமா?" என்று தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் வண்டிக்குப் போன வாரம்தான் நான்கும் புதுசாகப் பனி டயர் போட்டிருந்தார். கியூமர்ஸ் அவரைப் பார்த்து அதே மாடல் வண்டியை வாங்கியவன். டயர் மாற்றுவதில் மட்டும் அவரைப் பார்க்கவில்லை.

காலையில் வழியனுப்பும்போது போகிறவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று, வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றினார். கிண்ணத்தைப் பிடித்த கையில் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. விடியும் முன்பே தோட்டத்தில் இறங்கிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டான்.

வழி நெடுக அவனுக்கு உயிர் போய்ப் போய் வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவே பனி. வண்டி ஒரு தடவைகூட வழுக்காதது அவன் பயத்தைக் கூட்டியது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே வழுக்காக வழுக்கத் திட்டம் போடுகிறது என்று தோன்றியது. மஹ்னூஷோ ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டு, "வண்டி நல்லாத்தானே போகுது? நீதான் ஆடுற" என்றாள்.

கடைக்குள் போனவள் கணப்பின் பக்கத்தில் அப்படியே தூங்கிப்போனாள். இந்த டயர்களோடு திரும்பி இறங்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. மாமனாருக்குப் போன் போட்டான்.

"ஆகா ஜான், தப்பு என்னோடது. பச்சைப் பை வாசல்லயே இருக்கு. என் டயர் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே, இதை வெச்சுக்கிட்டுத் திரும்பி இறங்க பயமா இருக்கு. உங்களோடது புதுசு. கொஞ்சம் கொண்டாந்துட முடியுமா? சிரமம்னா வேண்டாம்."

மறுமுனையில் ஜன்னலைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"சிரமமா? என்ன பேச்சு பேசறீங்க! என் கண்ணு மேல வெச்சுக் கொண்டாறேன். நீங்க அங்கயே இருங்க, அசையாதீங்க. உங்களுக்காக என் உயிரே போகட்டும்."

எல்லாப் பேச்சையும் அவர் அப்படித்தான் முடிப்பார். மீட்டர் பார்க்க வருகிறவருக்கும் அதே உயிர்தான்.

ஒரு மணி நேரத்தில் பனி கனமாக இறங்கியது. கீழேயிருந்து ஏறி வந்த லாரிக்காரர் ஒருவர் தாடியை உதறிக்கொண்டே கடைக்குள் நுழைந்தார்.

"பாலத்து வளைவு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சுப்பா. டயர் சரியில்லாதவன் நேரா ஆத்துலதான்."

நல்லவேளை, நாம் இறங்கவில்லை என்று கியூமர்ஸ் நெஞ்சைத் தடவிக்கொண்டான். "எங்க மாமனார் வந்துக்கிட்டிருக்கார். அவருக்குக் கவலையில்ல, புது டயர்" என்றான் பெருமையாக.

மஹ்னூஷ் கண் விழித்தாள். "யார் வர்றா?"

பை, போன், எல்லாவற்றையும் அசடு வழியச் சொன்னான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"கிளம்பிட்டாரா?"

"ஒரு மணி நேரம் ஆச்சு. ஏன் பதறுற? அவரோட டயர்..."

அவள் போனை எடுத்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். தொடர்பு கிடைக்கவில்லை. மேசை மேலிருந்த தீப்பெட்டியை எடுத்து அவன் கையில் திணித்து, வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"பனியைத் துடை. குச்சியை விட்டுப் பாரு."

அவன் மண்டியிட்டு டயரைத் துடைத்தான். மருந்துத்தலை முழுசாக உள்ளே மூழ்கியது. அதற்கு மேலும் குச்சி இறங்கியது.

"இது என்னோடது இல்லையே!"

"விடியறதுக்குள்ள ஒத்தை ஆளா உக்காந்து மாத்தினார். தெரிஞ்சா மாப்ளே முகம் சுண்டிடும், டெஹ்ரான் போற வரைக்கும் வாயத் திறக்காதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

கியூமர்ஸ் எழுந்து, கீழே வளைந்து இறங்கும் சாலையைப் பார்த்தான். வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"அப்போ... என்னோட டயரெல்லாம்?"

"அப்பா வண்டியில."