எஃபெக்டை அணைத்தபோது

மின்கிதாரைக் கணினியோடு இணைத்த செல்வின், திரையில் வரிசையாக நின்ற எஃபெக்டுகளுள் ஒலியை நடுங்கவைக்கும் ஒன்றையே இன்றும் தேர்ந்தெடுத்தான். அவன் விரல்கள் தாமாகவே நடுங்கத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. இசைக்குழுவினருக்குத் தெரிந்தால் வேறொருவனை அமர்த்திவிடுவார்கள்.

வாசித்துப் பதிவுசெய்ததும், அருகிலிருந்த மனைவி ஜெமிலா முகஞ்சுளித்தாள்.

“எப்பப் பாத்தாலும் இந்த நடுக்கந்தானா? காய்ச்சக்காரன் பாடுற மாதிரி இருக்கு. இத எடுத்துட்டுக் கேப்போம்.”

“வேண்டாம் ஜெமி, பாட்டே கெட்டுரும்.”

“கெட்டா கெடட்டும்” என்று சிரித்தபடியே அவள் எஃபெக்டை அணைத்தாள்.

அவன் வாசித்தது மறுபடியும் ஒலித்தது. அவளுடைய சிரிப்பு நின்றது.

“எடுத்துட்டேனே… ஏங்க இன்னும் நடுங்குது?”

செல்வின் எஃபெக்டை மீண்டும் இயக்குவதற்காக அவசரமாக மவுஸைப் பற்றினான். திரையில் அம்புக்குறி ஓரிடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தது.